ஏரிக்கல்லில் பத்து அடி

காஞ்சிபுரம்
நவம்பர் 29

நதியாவுக்கு மேரி ஆயா எழுதுவது.

உன் சுகத்தை விசாரிக்க இதை எழுதவில்லை. உன் குரலைக் காதில் வாங்கமாட்டேன் என்று ஆடி மாதம் சொன்னேன். அது அப்படியே நிற்கிறது. எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. நீ ஏரி வேலையாக வேலாத்தாங்கலுக்குப் போனவள், மதகைத் திறந்து மூடுகிற ஏரிக்காரன் மாணிக்கவேல் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அவன் பெண்டாட்டி கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அதை என்னிடமே வந்து சிரித்துக்கொண்டு சொன்னாய். டம்ளரா, கண்ணாடி கிளாசா என்று கேட்டேன். கண்ணாடி கிளாஸ் என்றாய். எல்லாம் ஞாபகம் இருக்குது.

இப்போது எழுதுவது வேறு. நம் ராமராஜன் போய்விட்டான்.

மழை விடாமல் பெய்தது. வேலாத்தாங்கல் ஏரி கரை தட்டி நின்றதாம். காலையில் வடக்குக் கோடியில் கரை உடைந்து, தண்ணீர் மொத்தமும் நம் நிலத்து வழியாகப் போயிருக்குது. மோட்டார் நனைந்துவிடும் என்று அதைக் கழற்ற ராமராஜன் கொட்டகைக்குப் போயிருக்கிறான். இத்தனை வருஷமாக நம் நிலத்தை வாரத்துக்கு உழுதவன், மோட்டாரைத் தன் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டவன். அவன் பெண்டாட்டி துர்கா அவனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு ரோட்டு மேட்டில் வந்துகொண்டு இருந்தாள். கொட்டகை இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது என்கிறாள். வேறு ஒன்றும் அவளுக்குச் சொல்ல வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். பனைமர வரிசையில் ஒதுங்கிக் கிடந்தான். கையில் ஸ்பானர். விரலைப் பிரிக்க முடியவில்லை. அதோடுதான் புதைத்தார்கள்.

எனக்கு எழுபது வயசுக்கு மேல் ஆகிறது. வெள்ளத்தைப் பார்க்காதவள் இல்லை. ஆனால் இப்படி ஒரு காலைப்பொழுதில், சோறு ஆறுவதற்குள், ஒரு ஆளும் ஒரு கொட்டகையும் இல்லாமல் போனதைப் பார்த்ததில்லை.

மாணிக்கவேல் அப்போது எங்கே இருந்தான் தெரியுமா? ஷட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கரைமேல் நின்றானாம். திறக்கவில்லை. தப்பான தண்ணீர் அளவு அனுப்பினான் என்று ஏரி ஆபீசில் சொல்லி, அவனை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். போலீஸ் வந்து அவன் போனைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்குது. கேஸ் போடுவார்கள்.

சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை அவன் என்று நான் உனக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லிவருகிறேன். பல வருஷத்துக்கு முன்னால், சம்பா கதிர் பால் பிடிக்கிற நேரம். கடைசி மடைக்கு இன்னும் ரெண்டு நாள் தண்ணீர் விடு என்று அவனிடம் போய் நின்றேன். பச்சைக் கட்டம் போட்ட லுங்கி கட்டியிருந்தான். வேர்க்கடலை தின்றுகொண்டே, சரிக்கா என்று தலையாட்டினான். அன்று சாயங்காலமே ஷட்டரை இறக்கி மூடிவிட்டான். எல்லாம் பதராகிப் போனது. உன் அத்தை கல்யாணம் அந்த வருஷம்தான் நின்றது. இப்போது ஊரே நான் சொன்னதைத்தான் சொல்கிறது. காதுக்கு நன்றாகத்தான் இருக்குது. ஆனால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

ஏரி அளவைப் பார்த்து ஷட்டரை எப்போது திறப்பது என்று சொல்கிற உன் புரோகிராமை மாணிக்கவேல் எப்படி ஏமாற்றினான் என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுது. விசாரணைக்கு அதிகாரி வருகிறாராம். நான் போய்ச் சொல்லப்போகிறேன்.

மேரி

*

புனே
டிசம்பர் 3

ஆயா,

கரை உடைந்தது என்று மட்டும்தான் எங்களுக்குச் சொன்னார்கள். உயிர் போனதை ஒருவரும் சொல்லவில்லை. உன் கடிதத்தை ஆபீஸ் வாசலில் வைத்தே பிரித்தேன். படித்துவிட்டு உள்ளே போக முடியாமல் படியில் உட்கார்ந்துவிட்டேன். போன தடவை ராமராஜன் அண்ணன்தான் என்னைச் சைக்கிளில் பஸ் ஸ்டாப்பில் விட்டார். வழி முழுக்க அந்த மோட்டாரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

புரோகிராமை யார் ஏமாற்றினார்கள் என்று கேட்டிருக்கிறாய். எனக்கு வந்து சேர்ந்தது ஒரு எண்தான். அன்று காலை மாணிக்கவேல் தாத்தா போனிலிருந்து அனுப்பியது 3.05. எங்கள் கம்ப்யூட்டரில் அது மட்டும்தான் இருக்கிறது. என்ன மூன்று என்று அதில் இல்லை.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அன்றைக்கு ஏரிக்கல்லில் தண்ணீர் எதுவரை நின்றது? அவர் அனுப்பியது அடியிலா, மீட்டரிலா? அங்கே ஏரி ஆபீசைக் கேட்டால் எங்கள் மேலாளருக்குத் தெரிந்துவிடும். விசாரணை முடியும்வரை ஒருவரிடமும் பேசக்கூடாது என்று அவர் உத்தரவு போட்டிருக்கிறார். தாத்தாவின் போன் போலீசிடம் இருக்கிறது. சித்தப்பாவைப் போகச் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் சித்தப்பா எதையும் பாதி கேட்டுவிட்டு வந்துவிடுவார். ஒரு சொல் விடாமல் கொண்டுவருகிற ஆள் நீதான்.

அந்த வீட்டு வாசலை மிதிக்கச் சொல்லி உன்னையே கேட்கிறேன். எனக்கே எப்படியோ இருக்கிறது. அவர் மீட்டர் என்று சொல்லிவிடக்கூடாது என்று நேற்றெல்லாம் வேண்டிக்கொண்டேன். ஏன் என்று இப்போது கேட்காதே.

துர்கா அக்கா சாப்பிடுகிறாளா?

நதியா

*

காஞ்சிபுரம்
டிசம்பர் 8

நதியாவுக்கு,

போனேன். உனக்காக இல்லை, ராமராஜனுக்காகப் போனேன். உன் சித்தப்பன் கமல் ஜரிகைக் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வண்டியில் கூட்டிக்கொண்டு போனான்.

முதலில் கல்லைப் பார்த்தேன். ஏரி இப்போது காலி, உடைந்த இடத்தில் மாடு இறங்கிப் போகிறது. ஆனால் மதகை ஒட்டி நிற்கிற, அடி அடியாகக் கோடு போட்ட ஏரிக்கல்லில் சேறும் பாசியும் பத்தாவது கோடு வரை ஒட்டிக்கொண்டு இருக்குது. கமலும் பார்த்தான். பத்து அடி.

அப்புறம் அவன் வீடு. உள்ளே போகவில்லை. வேலிக்கு இந்தாண்டையே நின்றேன். காமாட்சியம்மாள் ஓடிவந்து, வா அக்கா என்று கையைப் பிடித்தாள். கையை இழுத்துக்கொண்டேன். அவன் நடையில் உட்கார்ந்திருந்தான். இளைத்துவிட்டான். தாடியை வழித்துக்கொள்ளவில்லை. அவனைப் பார்க்காமல் அவளிடம் கேட்டேன்.

“காமாட்சி, உன் வீட்டுக்காரன் அன்னிக்கு அடியில அனுப்பினானா, மீட்டர்ல அனுப்பினானான்னு கேளு.”

“மீட்டர்லதான் அக்கா” என்றான் அவன்.

“உன்னைத்தான் காமாட்சி கேட்டேன். வேற யாரையும் கேக்கல.”

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “மீட்டர்லயாம்” என்றாள். கமல் வண்டிக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிச் சிரித்தான். வீட்டுக்கு வந்ததும் அவனுக்கு நன்றாகக் கொடுத்தேன்.

நீ எழுதிக் கொடுத்த அட்டையை வாசல் நிலையில் மாட்டி வைத்திருக்கிறான். இந்தப் பக்கம் அடி, அந்தப் பக்கம் மீட்டர். நனையாமல் மேலே பிளாஸ்டிக் கவர் வேறு. தினமும் கல்லைப் பார்த்து, அட்டையைப் பார்த்து, மீட்டரைத்தான் அனுப்பினானாம். அடியில் அனுப்பவே கூடாது என்று நீ கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாயாம். ஏரி நிறைந்ததைப் பார்த்து ஆபீசுக்குப் போன் செய்திருக்கிறான். அவர்கள் திரையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் மூன்று அடிதான் இருக்குது, பச்சை விளக்கு எரியுது, சும்மா இரு என்றார்களாம். மெசேஜ் வராமல் ஷட்டரைத் தொட்டால் வேலை போய்விடும் என்று முன்னாலேயே கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று சொன்னான். நான் கேட்காமலே சொன்னான்.

“என்னிக்கும் சொன்னதத்தான் அக்கா செஞ்சிக்கினு வரேன். அந்த வருசமும் ஆபீசர் வந்து மூடுன்னாரு, மூடினேன். உங்களாண்ட வந்து சொல்ல பயம்.”

எதையும் நான் நம்பவில்லை. ஆனால் ஒன்று எழுதிவிடுகிறேன். பொய் சொல்லும்போது அவன் மூக்கைத் தேய்ப்பான். பஞ்சாயத்தில், கல்யாணத்தில், சாவில், எல்லா இடத்திலும் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத் தேய்க்கவில்லை. கை இரண்டும் மடியிலேயே கிடந்தது.

பத்து அடிக்கு அட்டையில் மூன்று சொச்சம் மீட்டர் என்றுதான் போட்டிருக்குது. அப்படியிருக்க, திரையில் எப்படி மூன்று அடி வந்தது? இதை எழுது.

துர்கா கொடுத்தால் சாப்பிடுகிறாள். கொடுக்காவிட்டால் இல்லை.

மேரி

*

புனே
டிசம்பர் 12

ஆயா,

திரையில் மூன்று அடி வந்தது என்னால்.

எண்ணுக்குத் தன்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. சித்தப்பா கடையில் ஜரிகையை மார்க் என்கிற பழைய எடையில் நிறுப்பார்கள், பட்டு நூலைக் கிராமில் நிறுப்பார்கள். யாராவது வந்து வெறுமனே ‘ரெண்டு’ என்றால், ‘என்னா ரெண்டு?’ என்று சித்தப்பா கேட்பார். கேட்காமல் ஒரு பொட்டலம்கூட மடிக்கமாட்டார். புரோகிராம் அப்படிக் கேட்காது. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு பெருக்கும். கேட்க வைக்க வழி இருக்கிறது. ஒவ்வொரு எண்ணோடும் இது அடி, இது மீட்டர் என்று பெயரைக் கட்டி அனுப்பலாம். பெயர் பொருந்தாவிட்டால் புரோகிராம் நின்றுவிடும், மேலே நகராது. இதை நான் மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். ஒரு சின்ன ஏரி, ஒரே ஒரு ஆள், தினம் ஒரு எண், இதற்கு எதற்கு என்று அங்கே கட்டாமல் விட்டேன்.

அட்டையைக் கொடுத்து, மீட்டரில்தான் அனுப்ப வேண்டும் என்று தாத்தாவிடம் நான்தான் சொன்னேன். அவரும் சரிம்மா என்று தலையாட்டினார். அவர் தலையாட்டியதைப் பார்த்ததும் எனக்கு நீ சொன்ன கதை ஞாபகம் வந்தது. லுங்கி, வேர்க்கடலை, எல்லாம். இவர் தலையாட்டுவார், செய்யமாட்டார் என்று முடிவு கட்டிவிட்டேன். புனேவுக்கு வந்து, வருகிற எண்ணை அடி என்று வைத்து மீட்டராக மாற்றுகிற வரியைப் புரோகிராமில் அவருக்குத் தெரியாமல் சேர்த்தேன். அவர் அடியைத்தான் அனுப்புவார், நான் பின்னாலிருந்து திருத்திவிடுவேன் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம்.

அவர் ஒழுங்காக மீட்டரில் அனுப்பினார். மூன்று மீட்டரை என் புரோகிராம் மூன்று அடி என்று எடுத்துக்கொண்டு, அதை இன்னொரு தடவை மீட்டராகச் சுருக்கியது. ஒரு மீட்டர்கூட வரவில்லை. அதனால்தான் பச்சை. மழைக்கு முன்னால் சோதித்தபோது ஏரி வற்றிக் கிடந்தது, எந்த எண் வந்தாலும் நம்பும்படி இருந்தது.

அந்த வரிக்கு மேலே, பின்னால் படிக்கிறவர்களுக்காக நான் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். இங்கே எல்லோரும் அப்படி எழுதுவோம். அதை அப்படியே எழுதுகிறேன்: ‘மாணிக்கவேல் சொன்ன பேச்சைக் கேட்கிற ஆள் இல்லை.’

அது உன் வாக்கியம் ஆயா. ஒரு எழுத்துக்கூட நான் மாற்றவில்லை.

அவர் வீட்டில் சிரித்துச் சிரித்து டீ குடித்தேன். அதற்கு நீ கோபித்துக்கொண்டாய். அவரை நம்பாமல் நான் எழுதியதை யாருமே பார்க்கவில்லை.

மேலாளரிடம் சொன்னேன். களத்திலிருந்து வந்த அளவு தவறு என்று அறிக்கை போய்விட்டதாம். அந்த வரியை அழித்துவிட்டு வேலையைப் பார் என்கிறார். இன்னும் அழிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும். அது பரவாயில்லை. ராமராஜன் அண்ணன் சாவு என் பேரில் வரும். சொல்லாவிட்டால் அது தாத்தா பேரில் நிற்கும். எனக்கு எழுது. திட்டியாவது எழுது.

நதியா

*

காஞ்சிபுரம்
டிசம்பர் 16

நதியா,

உன் கடிதத்தைக் கமல் படித்துக் காட்டினான். நடுவில் நிறுத்தினான். படி என்றேன். அந்த ஒரு வரி வந்தபோது என் வாயே எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. கமல் தண்ணீர் கொண்டுவந்தான். குடிக்கவில்லை. தண்ணீரைப் பார்க்கவே என்னவோ போல் இருந்தது.

என் கோபத்தை என் சமையல்கட்டில் வைத்திருந்தேன். வந்தவர் போனவரிடம் சொன்னேன், உனக்குச் சோறு ஊட்டும்போது சொன்னேன். அது நடந்துபோய் ஒரு ஏரியை உடைக்கும் என்று யாருக்குத் தெரியும்? நீ படித்தவள். ஆயா சொல்வதில் எது சேதி, எது வயிற்றெரிச்சல் என்று பிரிக்க உனக்குத் தெரியாதா? இல்லை, உன்னை மட்டும் சொல்லி என்ன. பிரிக்காமல் கலந்து ஊட்டியவள் நான்தானே.

அவன் அன்றைக்குச் சொன்னதை ராத்திரியும் பகலும் நினைத்துக்கொண்டு இருக்கிறேன். ஆபீசர் மூடச் சொன்னார், மூடினான். நீ மீட்டர் என்றாய், மீட்டரில் அனுப்பினான். தொடாதே என்றார்கள், சாவியோடு நின்றான். சொன்ன பேச்சைக் கேட்காதவன் என்று ஊரெல்லாம் சொல்லி வந்தேன். அவன் சொன்ன பேச்சை மட்டுமே கேட்கிறவன். என் பேச்சைத்தான் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

அவனை மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என்று நினைக்காதே. மன்னிக்கவில்லை. பயந்துகொண்டு என்னிடம் வந்து சொல்லாமல் போனானே, அதற்கு வெறுக்கிறேன். ஏரி தளும்புவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே உத்தரவுக்கு நின்றானே, அதற்கு வெறுக்கிறேன். மாணிக்கவேலை வெறுக்க எனக்குச் சொந்தமாகக் காரணம் இருக்குது. உன் தப்பைக் கொண்டுவந்து அதில் கலக்காதே. கலந்தால் எதுவும் என்னது இல்லை என்றாகிவிடும்.

விசாரணை இருபத்திரண்டாம் தேதி, வேலாத்தாங்கல் பள்ளிக்கூடத்தில். அந்த வரியை அழிக்காதே. கொண்டுவந்து அத்தனை பேர் எதிரிலும் படி. யார் சொன்னது என்று கேட்டால் என் பேரைச் சொல். ஜெயிலில் போட்டால் போடட்டும். சாப்பாடு கொண்டுவர நான் இருக்கிறேன்.

வீட்டுக்கு வராதே. உன் குரலைக் கேட்கமாட்டேன் என்று சொன்னது இன்னும் நிற்கிறது.

மேரி

*

புனே
டிசம்பர் 24

ஆயா,

நீ கடைசி பெஞ்சில் துர்கா அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நீ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாய். உன் குரலைக் கேட்கமாட்டேன் என்றவள் நான் பேசி முடிக்கும்வரை எழுந்து போகவில்லை.

அந்த வரியைப் படித்தேன். அதிகாரி இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். சொன்னது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உன் பேரைச் சொல்லியிருக்கமாட்டேன். சொன்னது நீ, எழுதியது நான். தாத்தா பேரில் இருந்த கேஸை எடுக்கச் சொல்லி எழுதுவதாக அதிகாரி சொன்னார். என் வாக்குமூலத்தைப் போலீஸ் வாங்கிக்கொண்டது. கூப்பிடும்போது வரவேண்டும். இங்கே வந்தால் என் மேசையைக் காலி செய்து அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் போனேன். எதிர்பார்க்காதது ஒன்று. வெளியே வந்ததும் மாணிக்கவேல் தாத்தா வேகமாக என் பின்னால் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றுகூடத் தோன்றியது. என் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இனிமே அடியில அனுப்பட்டுமாம்மா, மீட்டர்லயா? சொல்லிட்டுப் போ” என்றார்.

அரக்கோணத்தில் ரயில் ஏறிய பிறகும் அந்தக் கேள்வியையே என்னை நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

துர்கா அக்காவிடம் பேசப் போனேன். என்னைத் தாண்டிப் பார்த்தாள். சுவரைப் பார்ப்பதுபோல.

நதியா

*

காஞ்சிபுரம்
ஜனவரி 2

நதியாவுக்கு,

கிறிஸ்துமசுக்குக் கோயிலுக்குப் போனேன். பலகாரம் சுடவில்லை. மாணிக்கவேல் வேலைக்குத் திரும்பவில்லை. கரையில் மண் கொட்டுகிறார்கள், அவன் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்கிறானாம். காமாட்சியம்மாள் கேக் கொடுத்து அனுப்பினாள். திருப்பி அனுப்பவில்லை. தின்னவும் இல்லை. கமல் தின்றான்.

துர்காவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீ போன மறுநாள் அவள் இங்கே வந்தாள். நடையில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“எல்லாம் தெரிஞ்சவ நீ. நான் யார் மேல கோவப்படணும் ஆயா, சொல்லு.”

யார் வந்து கேட்டாலும் ஒரு பேரை எடுத்துக் கொடுக்கிறவள் நான். உனக்குத் தெரியும். எந்த வருஷம், யார், என்ன செய்தார்கள் என்று கேட்டால் நிற்காமல் சொல்வேன். அன்றைக்கு மாணிக்கவேல் பேரைச் சொல்லியிருக்கலாம், அவளும் எடுத்துக்கொண்டு போயிருப்பாள். சொல்லவில்லை. உன் பேரைச் சொன்னேன். அப்புறம் என் பேரைச் சொன்னேன். எப்படி என்று விளக்கினேன். மார்க், கிராம் என்று நீ எழுதினாயே, அதை வைத்தே விளக்கினேன். அவள் கேட்டாள். எழுந்து புடவையை உதறிக்கொண்டு போனாள்.

அன்றிலிருந்து பேசுவதில்லை. நேற்று மார்க்கெட்டில் எதிரில் வந்தாள். துர்கா என்று கூப்பிட்டேன். தலையைத் திருப்பிக்கொண்டு, கீரை விற்கிறவளிடம் விலை கேட்டாள். கீரை வாங்கவில்லை. நானும் அப்படித்தான் செய்வேன். வாங்காத சாமானுக்கு விலை கேட்பேன். அவள் சரியாகத்தான் செய்கிறாள். இதில் ஒரு குறையும் சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனால் நதியா, எதிரில் நிற்கிறவளுக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. இந்த வயசு வரைக்கும் தெரியாது. பை கனத்துப்போய், தெருவில் ஒரு கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்ததும் போன் செய். எடுப்பேன். நான் பேசமாட்டேன், நீ பேசு.

மேரி ஆயா